வயிற்றுச் சுற்றளவு: டேப்பை எங்கே வைப்பது, யாருக்கு எந்த வரம்பு?

செவிலி_தாமரை:

வணக்கம். 30 வயது தாண்டியவர்களுக்கான தொற்றா நோய்ப் பரிசோதனையில் வயிற்றளவு எடுக்கப் போகும் களப்பணியாளர்களுக்காக ஒரு பக்கப் பயிற்சித் தாள் தயாராகிறது. இடம் திருப்பூர் பக்கம். உள்ளூர்க்காரர்களோடு பின்னலாடை வேலைக்கு வந்த ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் மக்களும் கலந்தே வருவார்கள். மூன்று விஷயத்தில் தெளிவு வேண்டும்.

டேப்பைத் தொப்புளில் வைப்பதா, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலா, இடுப்பெலும்பின் மேலேயா? கையேட்டுக்குக் கையேடு மாறுகிறது.

ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுப் பருமன் என்ற வரம்பு எல்லோருக்கும் பொருந்துமா?

சேலை, லுங்கி, அரைஞாண் கயிறு இவற்றோடு அளக்கும்போது என்ன செய்வது?

தாள் அச்சுக்குப் போகுமுன் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

நாடாக்கோல்:

தாமரை மேடம், இடத்துக்கு முன்னால் சொல்லில் இருக்கும் சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். தமிழில் ‘இடுப்பு’ என்றால் இரண்டு இடம். புடவை செருகும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, ‘இடுப்பு வலி’ என்று நோயாளி காட்டும் இடம் முதுகுக்குக் கீழே. படிவத்தில் ‘இடுப்புச் சுற்றளவு’ என்று அச்சடித்துக் கொடுத்தால் ஒருவர் வயிற்றைச் சுற்றுவார், இன்னொருவர் புட்டத்தைச் சுற்றுவார். ஒரே ஆளுக்கு 10, 15 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். தாளில் ‘வயிற்றுச் சுற்றளவு’ என்று மட்டும் போடுங்கள். புட்டத்தையும் அளப்பதாக இருந்தால் ‘புட்டச் சுற்றளவு’ என்று தனிச்சொல். ‘இடுப்பு’ என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் தனியாக வரக் கூடாது, ‘இடுப்பெலும்பு’ என்று வந்தால் பரவாயில்லை.

இப்போது இடம். உலக சுகாதார நிறுவனத்தின் முறை இது: தொட்டால் தெரியும் கடைசி விலாவின் கீழ் விளிம்பு ஒரு புள்ளி. இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இன்னொரு புள்ளி. இரண்டையும் அக்குளின் நடுவிலிருந்து நேர் கீழாக வரும் கோட்டில், அதாவது உடம்பின் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முன்பக்கம் தேடினால் விலாவின் வளைவு மேலே ஏறிப் போயிருக்கும், நடுப்புள்ளியும் கூடவே மேலே போய்விடும். இரண்டுக்கும் பேனாவால் சிறு கோடு போட்டு, இடைவெளியை டேப்பால் அளந்து, பாதியில் மூன்றாவது கோடு. அந்த மூன்றாவது கோட்டின் மீது டேப்பின் நடு வர வேண்டும். கண்மதிப்பில் ‘நடு’ என்று வைக்கப் பழக்காதீர்கள். பெரும்பாலும் அது தொப்புள் மட்டத்துக்கு இறங்கிவிடும்.

அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வில் இடுப்பெலும்பின் உச்சிக்குச் சற்று மேலே அளக்கிறார்கள். எலும்பைத் தொட்டுவிட்டால் போதும், நடுப்புள்ளி தேட வேண்டாம் என்பது அதன் வசதி. ஆண்களில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் குறைவு. பெண்களில் இடுப்பெலும்பு மட்டத்தில் எடுத்தால் நடுப்புள்ளியை விடக் கூடுதலாக வரும். எலும்பு மட்டத்தில் அளந்துவிட்டு 80 என்ற வரம்பை வைத்துப் பார்த்தால், 80-க்கு உள்ளே இருக்க வேண்டிய பல பெண்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

நோயையும் இறப்பையும் முன்கூட்டிக் காட்டுவதில் எந்த இடத்து அளவும் பெரிதாக மேலோ கீழோ இல்லை என்று 2008-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே ‘எது சிறந்த இடம்’ என்ற சண்டை தேவையில்லை. ஓர் இடத்தை முடிவு செய்து, எல்லாரும் அங்கேயே எடுத்து, எந்த இடம் என்று படிவத்திலும் எழுதிவிட்டால் போதும்.

பொன்வண்டு:

எலும்பைத் தேடி மூன்று கோடு போடுவதற்கு வீட்டு வாசலில் நேரம் கிடையாது. தொப்புள் எல்லோருக்கும் தெரியும் இடம், தேடவே வேண்டாம். ஜப்பானில் தொப்புளில்தானே எடுக்கிறார்கள்?

நாடாக்கோல்:

எடுக்கிறார்கள், ஆனால் வரம்பையும் அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள். தொப்புள் மட்டத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பின் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகும்போது வயிற்றளவு என்ன என்று பார்த்தே ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 என்ற வரம்பு வந்தது. பெண்ணுக்கு ஆணை விடக் கூடுதல் எண்! தொப்புளில் எடுத்த அளவை அந்த வரம்போடு ஒப்பிடலாம். நாம் தொப்புளில் அளந்து 80-ஐ வைத்தால் அளவு ஒரு ஊர், வரம்பு வேறு ஊர்.

இன்னொன்று, தொப்புள் நிலையான அடையாளம் இல்லை. வயிறு சரிந்தவர்களுக்குத் தொப்புளும் சேர்ந்து இறங்கும். பல பிரசவம் ஆனவர்களுக்கும், வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கும் இடம் மாறும். எடை குறைந்தால் மேலேறும். ஆறு மாதம் கழித்து ‘அதே இடத்தில்’ எடுத்தாலும் அது அதே இடமாக இருக்காது. தொப்புள் கீழே சரிந்திருந்தால் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எடுங்கள் என்று ஜப்பானிய வழிகாட்டுதலே சொல்கிறது.

நேரம் பற்றி: பழகியவர் கைக்கு மூன்று கோடும் போட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகாது.

எண்கணக்கன்:

வரம்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

94, 102 (ஆண்), 80, 88 (பெண்) என்ற எண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மக்களை அளந்து 1995-ல் வந்தவை. பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25, 30 ஆகும் இடத்தில் வயிற்றளவு எவ்வளவு என்று பார்த்து எடுத்த எண்கள் அவை. ஐரோப்பிய உடல்வாகை வைத்து வந்தவை என்பதால் நமக்கு நேரடியாகப் பொருந்தாது. அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரை விடத் தெற்காசியருக்கு உடல் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள் சேர்வது அதிகம். 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யூட்கின் இருவரும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். எடைத் தராசை மட்டும் நம்பினால் இருவரும் ஒன்று.

அதனால்தான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியருக்கு ஆண் 90, பெண் 80 என்று வைத்தது. இந்திய மருத்துவர்களின் 2009 ஒருமித்த அறிக்கையும் இதையே ஏற்றது. அதற்கு முன்பே எச்சரிக்கும் கட்டமாக ஆண் 78, பெண் 72 என்ற கீழ்வரம்பையும் அது சொன்னது. அந்தக் கட்டத்தில் மருந்து கிடையாது, மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை மட்டும்.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் யாராக இருந்தாலும் 90, 80 என்றே வையுங்கள் மேடம். மாநிலத்துக்கு மாநிலம் தனி எண் தேடினால் களத்தில் குழப்பம்தான் வரும்.

படிவங்களில் ஒரு ஓட்டை இருக்கிறது, தாளில் கட்டாயம் எழுதுங்கள். ஆஷா பணியாளர்கள் நிரப்பும், நோய் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் சிபேக் படிவத்தில் பெண்ணுக்கு ‘80 அல்லது குறைவு’ என்றால் 0, ‘81 முதல் 90’ என்றால் 1, 90-க்கு மேல் 2. ஆணுக்கு 90 வரை 0, 91 முதல் 100 வரை 1, அதற்கு மேல் 2. சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் பெண்ணுக்கு 80-க்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90-லிருந்து 20. சரியாக 80 செ.மீ. உள்ள பெண்ணுக்கு ஒன்றில் பூஜ்யம், மற்றதில் 10. 80.4 என்றால் சிபேக்கில் அதற்கு இடமே இல்லை. முதலில் 80.4 என்று தசமத்தோடு எழுதி வைத்து, மதிப்பெண் போடும்போது மட்டும் அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அளக்கும்போதே முழு எண்ணாக எழுதினால் பிறகு வேறு வரம்பை வைத்துப் பார்க்க வழியில்லை.

சிங்கை_வாசகி:

இங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் மூவருக்கும் 90, 80 என்ற ஒரே எண்தான். சீனாவுக்குள் போனால் பெண்ணுக்கு 85, கொரியாவிலும் பெண்ணுக்கு 85. ஆணுக்கு இரண்டு நாட்டிலும் 90. ஜப்பான் கதை மேலே வந்துவிட்டது. ஆப்பிரிக்கருக்கும் மத்திய கிழக்கு மக்களுக்கும் தனித் தரவு போதவில்லை என்று கூட்டமைப்பு ஐரோப்பிய எண்களையே தற்காலிகமாகப் பயன்படுத்தச் சொன்னது. அதை அவர்கள் உடம்பைப் பார்த்து வந்த எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரம்பு வம்சாவளியைப் பொறுத்தது, வசிக்கும் நாட்டைப் பொறுத்ததில்லை. லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழருக்கும் 90, 80 தான். அளப்பவர் நிறத்தையோ பெயரையோ பார்த்து ஊகிக்கக் கூடாது, கேட்டுத்தான் எழுத வேண்டும். பெற்றோர் இரு வேறு வம்சம் என்றால் எது வைப்பது என்ற கேள்வி வரும். அங்கே குறைந்த வரம்பை வைத்துவிடலாம். அடுத்த கட்டம் ஒரு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, அதனால் யாருக்கும் கெடுதி இல்லை.

வடமராட்சி:

இவ்வளவு எண்ணையும் களப் பணியாளர் நினைவில் வைத்திருப்பது கஷ்டம். வயிற்றளவை உயரத்தால் வகுத்தால் எல்லா இனத்தவருக்கும், ஆண் பெண் இருவருக்கும் ஒரே எண்தானே, 0.5? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-இல் இருந்து அதைத்தானே சொல்கிறது? கிளினிக்கில் அதையே வைத்தால் என்ன?

எண்கணக்கன்:

வைக்கலாம், ஆனால் 90, 80-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என் கட்சி.

நைஸ் சொல்வது: 0.4 முதல் 0.49 வரை சரி, 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடியிருக்கிறது, 0.6-லிருந்து மேலும் கூடுதல். பிஎம்ஐ 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். அதற்கு மேல் போனவர்களுக்கு எப்படியும் வயிற்றளவு பெரிதாகத்தான் இருக்கும், புதிதாக ஒன்றும் சொல்லாது.

இதன் பலம் குள்ளமானவர்களிடம் தெரியும். 150 செ.மீ. உயரப் பெண்ணுக்குப் பாதி 75. அவருக்கு வயிற்றளவு 78 என்றால் 80-க்குள் இருக்கிறார், படிவத்தில் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் விகிதம் 0.52. நம் பெண்களில் 150-ஐ ஒட்டி உயரம் உள்ளவர்கள் ஏராளம், அத்தனை பேரையும் 80 என்ற ஒற்றை எண் விட்டுவிடும். மறுபக்கம் 182 செ.மீ. உயர ஆண், வயிறு 90.5. வரம்பைத் தாண்டிவிட்டார், விகிதம் 0.497.

கணக்கு வராதவர்களுக்கு நூல் போதும். நீளாத பருத்தி நூலையோ சணலையோ ஆளின் உயரத்துக்கு வெட்டி, சரி பாதியாக மடித்து, டேப் வைக்கும் அதே நடுப்புள்ளி மட்டத்தில் வயிற்றைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் சேர்ந்தால் 0.5-க்குள், சேரவில்லையென்றால் மேலே. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் இது புரியும், அவர்களே அடுத்த மாதம் செய்து பார்ப்பார்கள். ரப்பர் கலந்த நாடாவும் தையல் நூலும் வேண்டாம். ஒன்று இழுபடும், மற்றது சதையில் பதியும்.

செவிலி_தாமரை:

உயரம் தவறினால் விகிதமும் தவறுமே?

எண்கணக்கன்:

தவறும், வயிற்றளவில் வரும் பிழை அளவுக்கு இல்லை. வயிறு 80, உயரம் 160 என்றால் 0.500. உயரத்தில் 2 செ.மீ. கூட்டி 162 என்று எழுதினால் 0.494. வயிற்றில் அதே 2 செ.மீ. கூட்டினால் 0.5125. வயிற்றில் செய்யும் தவறு இரண்டு மடங்கு.

ஆனாலும் உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். பெண்கள் கொண்டையை இறக்கிவிட வேண்டும், உச்சியில் பூ இருந்தால் நகர்த்த வேண்டும். குதிகால், புட்டம், தோள்பட்டை சுவரைத் தொட, கண்ணும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில். சுவரில் டேப் ஒட்டி அளந்தால், தரையோரம் சுவரில் பதித்த ஓட்டுப்பட்டை இல்லாத சுவராகப் பாருங்கள். அந்தப் பட்டை குதிகாலை முன்னே தள்ளிவிடும், முதுகு சுவரில் சேராது.

முதியவர்களிடம் கவனம். முதுகெலும்பு அமுங்கி 5 செ.மீ. குறைந்தவருக்கு, வயிறு மாறாமலேயே விகிதம் ஏறும். கூன் விழுந்தவர்களுக்கு விகிதத்தை நம்பாமல் செ.மீ. வரம்பை மட்டும் வையுங்கள். கூனில் விலாவும் இடுப்பெலும்பும் கிட்டத்தட்ட ஒட்டிவிடும், நடுப்புள்ளிக்கே இடம் இருக்காது. ‘முதுகு வளைவு’ என்று குறிப்பு எழுதிவிட்டு, கிடைத்த இடத்தில் எடுக்கலாம்.

பொன்வண்டு:

0.5 வைத்தால் முகாமுக்கு வரும் பெரும்பாலோர் மாட்டுவார்கள். அத்தனை பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் அங்கே யார் பார்ப்பது?

செவிலி_தாமரை:

இதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் திட்டத்தில் வயிற்றளவு வாயிற்கதவு இல்லை. 30 வயது தாண்டிய எல்லாருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், சிபேக் மதிப்பெண் என்னவாக இருந்தாலும். 4-க்கு மேல் மதிப்பெண் வந்தவரை முன்னுரிமை கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி. வயிற்றளவுக்கு அதில் அதிகபட்சம் 2 மதிப்பெண். அதனால் வரம்பைத் தாண்டியவர்களால் வரிசை மாறுமே தவிரக் கூட்டம் கூடாது.

நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்-இந்தியாப் 2023-ல் வந்தபோது நாட்டில் வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் என்றது. பிஎம்ஐ வைத்துப் பார்த்த பருமன் 28.6 சதவீதம். அந்த இடைவெளியில் இருப்பவர்கள்தான் எடைத் தராசில் தப்பிப் போகிறவர்கள். நிறையப் பேர் வருகிறார்கள் என்பதற்காக வரம்பை உயர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கடலோரம்:

உடை பற்றி யாரும் எழுதவில்லை. அளவு அதிகம் கெடுவது அங்கேதான்.

சேலை: கொசுவம் செருகிய இடத்தில் ஆறேழு மடிப்புத் துணி இருக்கும், அதற்கடியில் உள்பாவாடை நாடா. நடுப்புள்ளி பெரும்பாலும் நாடாவுக்கு மேலே விழும், எனவே சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை. முந்தானையை நகர்த்தி, கொசுவத்தையும் உள்பாவாடையையும் இரண்டு விரல் அளவு கீழே இறக்கினால் போதும். ஆனால் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தால் சதை மேலே பிதுங்கி நிற்கும், அந்தப் பிதுக்கத்தில் அளந்தால் கூடும். நாடாவைத் தளர்த்தச் சொல்லி ஓரிரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும். நாடா பதிந்த பள்ளத்திலேயே டேப்பை வைப்பதும் தவறு, அங்கே குறைந்து வரும்.

சுடிதார்: மேல்சட்டையை அவரே தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். கையை உயரத் தூக்கினால் வயிறு உள்ளே போகும், ஆகவே துணியை மார்புக்குக் கீழே செருகிவிட்டுக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

ஆண்கள்: லுங்கி, வேட்டியை இறக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றை அறுக்கவோ கழற்றவோ சொல்லக் கூடாது, அதைக் கீழே நகர்த்திவிட்டு டேப்பைத் தோலில் வையுங்கள். கயிற்றின் மேல் டேப் ஓடினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், தாயத்து கோத்திருந்தால் இன்னும் மோசம்.

துணியைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதவர்களிடம் வற்புறுத்தல் வேண்டாம். ஒரே ஒரு மெல்லிய துணியின் மேல் அளந்து ‘துணியோடு’ என்று எழுதிவிடுங்கள். ‘ஒரு செ.மீ. கழித்துக்கொள்’ என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒருவர் கழிப்பார், ஒருவர் மறப்பார், கடைசியில் எது கழித்தது எது கழிக்காதது என்று தெரியாது.

பெண்களைப் பெண்ணே அளக்க வேண்டும், மறைப்புத் திரை வேண்டும். சுற்றிக் கட்டிப்பிடிப்பது போல் டேப்பைக் கொண்டுபோக வேண்டாம். முனையை அவர் கையிலேயே கொடுத்து, பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து மட்டம் மட்டும் சரி செய்யலாம்.

நாடாக்கோல்:

கடலோரம் அண்ணன் சொன்னதில் ‘பக்கவாட்டில் உட்கார்ந்து’ என்பதை அடிக்கோடிடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் டேப் முதுகுப் பக்கம் இறங்கியிருப்பது தெரியாது. சாய்ந்த டேப் நீளமான பாதையில் சுற்றும், அளவு கூடும். ஸ்டூலில் உட்கார்ந்து கண் டேப் மட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு கண்ணாடி வைத்தால் ஒருவரே சரிபார்க்கலாம், இரண்டாவது ஆள் இருந்தால் அவர் முதுகுப் பக்கம் பார்க்கட்டும்.

இறுக்கம்: தோலைத் தொட வேண்டும், பள்ளம் விழக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 100 கிராம் இழுவிசை என்கிறது. முனையில் சுருள்வில் வைத்த குலிக் டேப்பில் குறியீட்டு மணி தெரியும் வரை மட்டும் இழுத்தால் அது தானே சரியாகும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலும் அந்த வகை டேப்தான். சாதா டேப் என்றால் கொக்கி வைத்த சுருள்வில் தராசு ஒன்றில் மாட்டி 100 கிராம் வரும் வரை இழுத்து, கைக்கு அந்த உணர்வைப் பழக்குங்கள்.

மூச்சு: ‘மூச்சை விடுங்கள்’ என்று சொன்னால் ஆட்கள் முழுவதையும் ஊதி வெளியேற்றிவிடுவார்கள், அல்லது வயிற்றை உள்ளே இழுப்பார்கள். வேண்டியது இயல்பான மூச்சு வெளியேறி முடியும் கணம். இரண்டு மூன்று தடவை சாதாரணமாக மூச்சு விடச் சொல்லிவிட்டு, ‘காலையில் என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் இடத்தில் வயிறு தளர்ந்திருக்கும், அப்போது படியுங்கள். சாப்பிட்ட விவரமும் கூடவே கிடைத்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடன் எடுக்கக் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்து நிற்பது நல்லது.

கால்கள் சேர்த்து, எடை இரண்டு காலிலும் சமமாக, கை பக்கவாட்டில் தொங்க. அவ்வளவுதான்.

தராசுமுள்:

டேப்பைப் பற்றி. தையல்கடை டேப் 150 செ.மீ.தான் இருக்கும், பருத்தவர்களுக்குச் சுற்றிப் பிடிக்க மிச்சம் இருக்காது. 200 செ.மீ. வாங்குங்கள். பிளாஸ்டிக் டேப் பழசானால் நீளும், நீண்ட டேப் குறைத்துக் காட்டும். மாதம் ஒருமுறை எஃகு அளவுகோலில் 0-100 வரை வைத்துப் பாருங்கள், அரை செ.மீ. வித்தியாசம் வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். உலோக முனை கழன்ற டேப்பும் அப்படியே. சில டேப்பில் பூஜ்யத்துக்கு முன்னால் வெற்றிடம் விட்டிருக்கும், முனையையே பூஜ்யமாக நினைப்பவர்கள் பலர்.

ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் செ.மீ. உள்ள டேப் முறுக்கிக்கொண்டால் 34 என்று எழுதி வரும். அங்குலப் பக்கத்தில் வெள்ளை ஒட்டு நாடா ஒட்டிவிடுங்கள். வந்துவிட்ட 34-ஐ 2.54-ஆல் பெருக்கி 86.4 என்று ‘திருத்தவும்’ வேண்டாம். அந்த 34 பேன்ட் அளவாகவும் இருக்கலாம். பேன்ட் அளவு தொப்பைக்குக் கீழே, துணிக்கடைக்காரர் தாராளமாக ஒட்டிய எண். அதை வயிற்றளவாக எழுதுவது மிக அதிகமாக நடக்கும் தவறு.

வடமராட்சி:

வயிறு சரிந்து தொங்குபவர்களுக்கு எப்படி? விலாவும் எலும்பும் விரலுக்குத் தட்டுப்படாது.

நாடாக்கோல்:

விரல் நுனியால் குத்தித் தேடினால் வலிக்கும், கிடைக்கவும் கிடைக்காது. விரல்களைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி அழுத்தி, கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் தட்டுப்படும் கெட்டியான விளிம்பு இடுப்பெலும்பு. விலாவுக்கு மேலிருந்து கீழே இறங்கி வாருங்கள். இல்லையென்றால் அவரையே இடுப்பில் கை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள், கை உட்காரும் இடத்துக்கு அடியில்தான் எலும்பின் விளிம்பு. அடையாளம் போட்ட பிறகு கையை இறக்கிவிட வேண்டும்.

தொங்கும் சதையைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது, டேப்பை அதற்கு அடியில் கொண்டுபோகவும் கூடாது. எலும்புப் புள்ளியில் தொடங்கித் தரைக்கு இணையாகச் சதையின் மேலேயே சுற்றட்டும். எலும்பே கிடைக்கவில்லையென்றால் ஊகித்து எண் எழுதாதீர்கள், ‘எலும்பு தட்டுப்படவில்லை’ என்று எழுதுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பிஎம்ஐ 35 தாண்டியிருக்கும், அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப அதுவே போதும்.

கடலோரம்:

யாரை அளக்கவே கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள். வயிற்றில் நீர் கோத்தவர்கள், பெரிய குடலிறக்கம், கருப்பையில் பெரிய கட்டி, வயிற்றில் மலப்பை பொருத்தியவர்கள். இவர்களில் எண் கொழுப்பைச் சொல்லாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பானை போல் உப்பி, தோல் மினுமினுப்பாக இருந்தால் ‘தொப்பை’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். அவரை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வடமராட்சி:

வயிறு-புட்ட விகிதத்தை ஏன் எல்லாரும் விட்டுவிட்டார்கள்? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்பைக் காட்டுவதில் அதுதானே பிஎம்ஐ-யை விட முன்னால் நின்றது?

எண்கணக்கன்:

உண்மை, 2005-ல் வந்தது. உலக சுகாதார நிறுவன வரம்பு ஆணுக்கு 0.90, பெண்ணுக்கு 0.85. ஆனால் முகாமில் இரண்டு சுற்று, இரண்டு பிழை. புட்டத்தின் மிக அகலமான இடத்தைத் துணிக்கு மேல் கண்டுபிடிப்பது கஷ்டம். தொடர்ந்து கண்காணிக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு: எடை குறைந்தால் வயிறும் புட்டமும் சேர்ந்தே குறையும், 96/104-ம் 0.92, 88/95.5-ம் 0.92. வயிற்றில் 8 செ.மீ. குறைத்தவரிடம் ‘மாற்றம் இல்லை’ என்று சொல்ல வேண்டிவரும். ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம், வாசலுக்கு வேண்டாம்.

தராசுமுள்:

மேற்பார்வையாளர்களுக்கு ஒரு சோதனை. ஒருவர் எடுத்த 100 அளவுகளின் கடைசி எண்ணை மட்டும் எண்ணிப் பாருங்கள். 80, 85, 90 என்று 0-விலும் 5-லும் முடிபவை சேர்ந்து 20 வாக்கில் இருக்க வேண்டும். 50, 60 என்று வந்தால் அவர் டேப்பைப் படிக்கவில்லை, தோராயமாக எழுதுகிறார். பெண்களில் 79-ம் ஆண்களில் 89-ம் குவிந்திருந்தால், வரம்புக்குள் தள்ளிவிடும் நல்லெண்ணம் வேலை செய்கிறது என்று பொருள். கண்டிப்பதை விட, அவரையும் இன்னொருவரையும் அதே பத்துப் பேரைத் தனித்தனியாக அளக்கவிட்டு எண்களை அருகருகே வைத்துக் காட்டினால் தானே திருந்தும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை எடுக்க வேண்டும், இடையில் டேப்பை முழுதாகக் கழற்றிவிட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 1 செ.மீ.க்குள் என்றால் சராசரி. தாண்டினால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி இரண்டு.

பொன்வண்டு:

மூன்று மாதம் கழித்து அளந்து 1.5 செ.மீ. குறைந்திருந்தால் ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்லலாமா?

தராசுமுள்:

சொல்ல வேண்டாம். ஒரே ஆள், ஒரே டேப், ஒரே நேரத்தில் எடுத்தாலும் ஒன்றிரண்டு செ.மீ. ஆடும். ஆள் மாறினால் இன்னும் ஆடும். 3 செ.மீ.க்கு மேல், அல்லது அடுத்தடுத்து இரண்டு தடவை அதே திசையில் நகர்ந்தால் நம்பிச் சொல்லலாம். 1.5 ஏறியிருந்தாலும் இதே நியாயம்தான், அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

செவிலி_தாமரை:

எல்லாருக்கும் நன்றி. தாளில் ‘இடுப்புச் சுற்றளவு’ என்று இருந்ததை மாற்றியாயிற்று, தொப்புள் படத்தையும் எடுத்தாயிற்று. படிவத்தில் வயிற்றளவுக்கு இப்போது ஒரே கட்டம்தான் இருக்கிறது. புதிதாக எத்தனை கட்டம் கேட்கலாம்? நிறையக் கேட்டால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்கணக்கன்:

நான்கு கேளுங்கள். முதல் அளவு, இரண்டாம் அளவு, உயரம், குறிப்பு. குறிப்பில் எழுத்துக் குறி போதும்: து என்றால் துணியோடு, கூ என்றால் கூன், எ என்றால் எலும்பு தட்டுப்படவில்லை, சா என்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள். அளந்த இடம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் அதைப் படிவத்தின் தலைப்பிலேயே அச்சடித்துவிடலாம். மூன்றுதான் தருவோம் என்றால் இரண்டாம் அளவை விட்டுக்கொடுங்கள், சராசரியைப் பணியாளர் தன் நோட்டில் போட்டுக்கொள்வார். உயரத்தை விடாதீர்கள்.

கடலோரம்:

பேனா பற்றி ஒரு வரி: துணிக்கடை மார்க்கர் வேண்டாம், சேலையில் ஒட்டினால் போகாது. கண் மை பென்சில் நன்றாக எழுதும், ஈரப் பஞ்சில் துடைத்தால் போய்விடும். ஒருவருக்கு வைத்ததை அப்படியே அடுத்தவருக்கு வைக்காமல் நுனியைச் சீவிவிட்டு வையுங்கள்.